சட்டகத்துக்கு வெளியே நிற்கும் பாகன்: மா. கிருஷ்ணனின் புகைப்படங்களை முன்வைத்து

லஸ் முனைக்குப் பக்கத்தில் நடைபாதைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் போன ஆண்டு 'நைட்ஸ் அண்ட் டேஸ்' கிடைத்தது. 1985இல் விகாஸ் வெளியிட்ட புத்தகம். முதுகு கழன்றிருந்தது, முதல் பக்கத்தில் ஏதோ ஒரு நூலகத்தின் முத்திரை மங்கிக் கிடந்தது. கடைக்காரர் முந்நூறு சொல்லி நூற்றைம்பதுக்கு இறங்கினார். 'யானப் படம் மான் படம்லாம் இருக்கு சார், புள்ளைங்களுக்கு ஆவும்' என்றுதான் கொடுத்தார். இதை எழுதியவர், இந்தப் படங்களைப் பிடித்தவர் வாழ்ந்த வீடு அங்கிருந்து நடந்துபோகிற தூரம். அப்போது எட்வர்ட் எலியட்ஸ் சாலை, இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. கடைக்காரருக்கு அது தெரியாததில் ஒன்றும் பிழையில்லை. தமிழில் எம்.ஏ. படித்த எனக்கு முப்பது வயதுவரை தெரியாமல் இருந்ததுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

வகுப்பில் மாதவையாவைப் படித்தோம். வேதநாயகம் பிள்ளை, ராஜமய்யர், மாதவையா என்று தமிழ் நாவலின் தொடக்க வரிசையை மனப்பாடம் செய்தோம். 'பத்மாவதி சரித்திரம்' 1898இல் வந்தது, சமூகச் சீர்திருத்த நோக்குடையது, பெண்கல்வியை வற்புறுத்துவது என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதித் தேறினோம். அந்த மாதவையாவின் பிள்ளைகளில் கடைசியானவர் 1912இல் பிறந்து, 1996 பிப்ரவரி 18 வரை, அதாவது நான் அரிச்சுவடி எழுதப் பழகிக்கொண்டிருந்த காலம்வரை, இதே மயிலாப்பூரில் இருந்தார் என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. 1950 முதல் இறக்கும்வரை, கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இரண்டு வாரத்துக்கொரு முறை இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள். உலகத்தில் எத்தனை பேர் ஒரே பத்தியை இவ்வளவு காலம் எழுதியிருப்பார்கள்? ஆங்கிலத்தில் எழுதினார், அதனால் நம் ஆள் இல்லை. காட்டு மிருகங்களைப் படம் பிடித்தார், அதனால் இலக்கியம் இல்லை. இப்படி இரண்டு கதவை அடைத்துவிட்டோம். தமிழிலும் எழுதினார் என்பதைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 2002இல் காலச்சுவடு வெளியிட்ட 'மழைக்காலமும் குயிலோசையும்' வழியாகத்தான் பலரும் தெரிந்துகொண்டோம். பெரியசாமித் தூரனின் கலைக்களஞ்சியத்தில் விலங்குகள், பறவைகள் பற்றிய பதிவுகள் சில அவருடையவை. 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவல்கூட உண்டு.

ஆனால் நான் இங்கே பேச வந்தது எழுத்தைப் பற்றி அல்ல, படங்களைப் பற்றி. காரணம் ஒரு சண்டை.

கூடலூர் பக்கம் ஆதிவாசி மக்களின் நில உரிமைக்காக வேலை செய்கிற தோழர் ஒருவர் என் அறைக்கு வந்திருந்தார். மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினார். யானைக் கூட்டம், காட்டெருது, புள்ளிமான், மறுபடி யானை. பாதியில் மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: 'மனுசங்க எங்கய்யா இதுல?' நான் ஏதோ சொல்லப் போக, அவர் விடவில்லை. 'ஆளில்லாத காடு. ஃபாரஸ்ட்காரன் காணற கனவு இதுதான். மயிலாப்பூர்லேர்ந்து போயி, அங்க இருக்கறவனைத் துடைச்சிட்டு எடுத்த படம். இதுக்கு நீ கட்டுரை வேற எழுதப்போறியா?'

உடனே பதில் வரவில்லை. இந்தச் சட்டத்தின் பாதிப்பை நேரில் பார்த்தவர் அவர். முதுமலை 2007இல் புலிகள் காப்பகமானது. வன உரிமைச் சட்டம் 2006இலேயே வந்தும், 2008இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது நின்றுபோனது. அந்தத் தடை விலக 2016 ஆனது. அந்த எட்டு ஆண்டில் கிழவர்களாகிச் செத்துப்போனவர்களை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். எனக்கு நெகட்டிவ், பிரின்ட், டோன் என்று பேச்சு. ஆகவே அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. அதே சமயம், ஒரு மனிதனின் ஐம்பதாண்டு உழைப்பை அவனுடைய சாதி, பேட்டை என்ற இரண்டு சொல்லில் கட்டுடைத்துவிட்டதாக நினைத்து எழுந்துபோகிற நம்முடைய சிறுபத்திரிகைப் பழக்கமும் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பழக்கத்தில் நானும் சில கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். படங்களைப் பார்க்காமல் படம் பிடித்தவரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது சுலபம். படங்களைத்தான் பார்ப்போமே.

*

முதலில் கருவி. கிருஷ்ணனின் கேமரா கடையில் வாங்கியதல்ல. ஒரு கம்பெனியின் உடல், இன்னொன்றின் பாகங்கள், மூன்றாவதன் தொலைவில்லை என்று தாமே சேர்த்துப் பொருத்திக்கொண்ட பெரிய கனத்த பெட்டி. அதற்கு அவர் வைத்த செல்லப் பெயர் 'சூப்பர் பாண்டெரோசா'. கனத்தைக் கிண்டல் செய்கிற பெயர். கறுப்பு வெள்ளைதான். வண்ணத்தில் அவருக்கு நாட்டம் இல்லை. கழுவுவதும் அச்சிடுவதும் வீட்டு இருட்டறையில் அவரே.

பிரசிடென்சி கல்லூரியில் ஃபைசனிடம் தாவரவியல் படித்தவர் என்பது இந்தப் படங்களில் தெரிகிறது. நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பட்டியலிட்ட ஃபைசன்தான் அவர். அவருடைய மாணவனின் யானைப் படத்தில் யானையின் காலடியில் இருப்பது 'பச்சை' அல்ல, புல். எந்த உயரத்தில் வளர்ந்த புல், மேயப்பட்டதா மிதிபட்டதா என்று சொல்லக்கூடிய புல். பின்னால் மரங்கள் மங்கலான திரையாக இல்லை, ஒவ்வொன்றாக நிற்கின்றன. விலங்கு சட்டகத்தை நிரப்பிக்கொண்டு நம் முகத்துக்கு நேரே வராமல், தன் இடத்தில், தன் தூரத்தில் நிற்கிறது. புள்ளிமான் மரநிழலில் நின்றால், இலைகளின் இடையே விழும் வெயில் புள்ளியும் மான் மேலுள்ள புள்ளியும் ஒன்றோடொன்று கலந்து, எது மான் எது வெயில் என்று ஒரு கணம் தேட வேண்டியிருக்கிறது. வண்ணமாக இருந்தால் பழுப்பு உடல் பச்சையிலிருந்து உடனே பிரிந்து வந்திருக்கும், தேடல் இருக்காது. கறுப்பு வெள்ளை என்பது கிருஷ்ணனுக்கு அழகியல் தேர்வு மட்டுமல்ல, ஒளிந்துகொள்ளும் உரிமையை விலங்குக்கு விட்டுவைக்கிற தேர்வு என்று நான் வாசிக்கிறேன். அவர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். 'சும்மா உளறாதே' என்றிருப்பார். சுள்ளென்று பேசுகிறவர் என்றுதான் அவரை அறிந்தவர்கள் எழுதுகிறார்கள்.

இதை இன்றைய படங்களோடு வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கரணை சாலையோரம் போனால் முக்காலிகளும் முழங்கை நீள லென்சுகளுமாக ஒரு வரிசை. பூநாரை வருகிற காலத்தில் நிற்க இடம் இருக்காது. எடுக்கிற படங்களில் பறவை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்ததுபோலக் கூர்மையாக, பின்னால் எல்லாமே வழுவழுவென்று கரைந்த நிறம். நல்ல லென்ஸ் என்பதே பின்னணியை எவ்வளவு அழகாக அழிக்கிறது என்பதை வைத்துத்தான் பேசப்படுகிறது. கரைந்துபோன அந்தப் பின்னணி எது? பெருங்குடிக் குப்பைமேடு. கண்ணாடி வைத்த மென்பொருள் கட்டடங்கள். 2022இல் இந்தச் சதுப்புநிலத்துக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, குப்பை தன் இடத்தில் இருக்கிறது. படத்தில் மட்டும் குப்பை இல்லை. பறவைக்கு ஊர் இல்லை, நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இல்லை. கருவறையில் தீபம் காட்டும்போது சாமி முகம் மட்டும் தெரியுமே, அப்படி.

இடத்தை அழித்துவிட்டு உயிரை மட்டும் எடுக்கிற இந்தப் பார்வையை நான் கருத்தியல் என்கிறேன், தொழில்நுட்பம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுமனை வியாபாரிக்கும் நிலம் பின்னணிதானே. தி.நகரில் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஒரு ஏரியின் மேல் நடப்பது தெரியும்? மயிலாப்பூர் 'லாங் டேங்க்' என்று நீண்டு கிடந்த நீர்ப்பரப்பு 1920களில் தூர்க்கப்பட்டு நகர் ஆனது. வள்ளுவர் கோட்டமும் ஏரியின் மேல்தான். சென்னை என்பது பின்னணி கரைக்கப்பட்ட ஒரு புகைப்படம்.

கிருஷ்ணனின் படத்தில் பின்னணி கரைவதில்லை. தோழரோடு போட்ட சண்டையில் என் பக்கத்துக்கு இது முதல் சாட்சி.

*

இரண்டாவது சாட்சி ஒரு தலைப்பு. 1968இல் ஜவஹர்லால் நேரு ஆய்வுநல்கை பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக்கியது. பெயர்: '1959 – 70இல் இந்தியாவின் வனவிலங்குகள்'. இயற்கையைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் காலத்தை மறைக்கும். என்றென்றைக்குமான காடு, ஆதி அமைதி, காலம் தீண்டாத பள்ளத்தாக்கு. இவர் முகப்பிலேயே ஆண்டைப் போட்டுவிடுகிறார். நான் பார்த்தது இந்தப் பதினோரு ஆண்டை, இதற்கு முன்னும் பின்னும் வேறு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுபோல. ரோலாண் பார்த் புகைப்படத்தின் சாரம் 'அது அங்கே இருந்தது' என்று சொல்வதில் இருக்கிறது என்பார். கிருஷ்ணன் பார்த்தைப் படித்திருக்க அவசியமில்லை. குறிப்பேட்டுக்காரனின் நேர்மை போதும்.

எழுபத்து மூன்று வயதில் 'நைட்ஸ் அண்ட் டேஸ்' வழியாக அவர் திரும்பிப் பார்த்தபோதும், பின்னர் 2006இல் பிறர் தொகுத்து 'ஐ இன் த ஜங்கிள்' வந்தபோதும், நமக்குக் கிடைப்பது சாகசக்காரனின் ஆல்பம் அல்ல. எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களில் கம்பியை மிதித்தால் தானே வெளிச்சம் வெடித்துப் படமெடுக்கும் பொறி வைத்துப் புலிகளைப் பிடித்தார். அது வேட்டையைத் துறந்த வெள்ளைக்கார அதிகாரியின் அற்புதமான காரியம், ஆனால் அதில் பொறி வைக்கிறவனின் புத்தி மிச்சமிருக்கிறது. சூசன் சொன்டாக் ஆப்பிரிக்க சஃபாரியில் துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா வந்ததைக் கிண்டலாகப் பேசுவார். ஆங்கிலத்தில் படத்தையும் 'ஷூட்' செய்கிறார்கள். நாம் படத்தைச் சுடுவதில்லை, பிடிக்கிறோம். யானையையும் பிடிக்கிறோம். குழி வெட்டி, மூங்கிலும் தழையும் பரப்பி மூடி, விழுந்ததைக் கரோலில் அடைத்துப் பழக்குகிறோம். மைசூர்ப் பக்கம் காக்கனக்கோட்டையில் கெட்டா முறையில் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது 1971வரை நடந்தது. நம் வினைச்சொல்லுக்கும் ரத்தக்கறை உண்டு என்பதைச் சொல்லத்தான் இது.

ஏனென்றால் இங்கேதான் தோழரின் கேள்வி திரும்பி வருகிறது, அதுவும் அவர் கேட்டதைவிடக் கூர்மையாக.

கிருஷ்ணன் முதுமலையில் பல படங்களை யானை முதுகில் இருந்தபடி எடுத்தார். காட்டு விலங்கு, முகாம் யானையை இன்னொரு யானையாக நினைத்து விலகாமல் நிற்கும். மனித வாடையும் உயரமும் மறைந்துவிடும். ஆக, யாரும் தொடாத காடு என்று நாம் பார்க்கிற படத்தின் பார்வைப் புள்ளி எது? பிடித்துப் பழக்கப்பட்டு, வனத்துறையின் கூப்புகளில் மரம் இழுத்த விலங்கின் முதுகு. அந்தப் பார்வையை இடமும் வலமும் திருப்பியது யார்? கழுத்தில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் கால்விரலால் பேசிய பாகன். எந்த வயலில் இன்று கூட்டம் இறங்கும், எந்தக் கொம்பன் மதத்தில் இருக்கிறான், காற்று எந்தப் பக்கம் என்று முடிவெடுத்தது அந்தக் கால்விரல். புகைப்படத்தின் பாதி அவனுடையது. சட்டகத்துக்குள் வராமல் சட்டகத்தைச் சுமந்தவன் அவன். தெப்பக்காட்டு முகாமின் பாகர்களிலும் காவடிகளிலும் குரும்பர், காட்டுநாயக்கர் என்று அந்தக் காட்டிலேயே பிறந்தவர்கள் பலர். காடு 'ஆளில்லாதது' என்று அறிவிக்கப்பட்டபோது வெளியே போகச் சொல்லப்பட்டவர்களும் இந்த மக்கள்தாம்.

காட்டுக்குள் மனிதத் தலையீடு கூடாது என்பதில் கிருஷ்ணன் கறாராக இருந்தார். சுரங்கமும் அணையும் தேயிலையும் காட்டைத் தின்ற ஆண்டுகளில் அந்தக் கறாருக்கு நியாயம் இருந்தது. ஆனால் அணை கட்டுகிறவனையும் தேன் எடுக்கிறவனையும் 'மனிதன்' என்ற ஒரே சொல்லால் சுட்டும்போது யார் தப்பிக்கிறார்கள், யார் மாட்டுகிறார்கள்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மொழியும் இந்தச் சொல்லில்தான் நிற்கிறது. அவர் படங்கள் அந்தச் சட்டத்தை எழுதவில்லை. ஆனால் அந்தச் சட்டம் நம் மனத்தில் இயல்பாகத் தோன்றும்படி கண்ணைப் பழக்கிய படங்களில் அவையும் உண்டு. இதை ஒத்துக்கொள்ளாமல் அவரைக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு உடனே தொல்காப்பியக் கருப்பொருள் பட்டியல் ஞாபகம் வருகிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ். விலங்குக்கும் பறவைக்கும் நடுவில் வேலி இல்லை, அவற்றுக்கும் மனிதன் செய்கிற தொழிலுக்கும் நடுவிலும் வேலி இல்லை. 'வனவிலங்கு' என்று தனியாக ஒரு வகைமை இல்லவே இல்லை. கிருஷ்ணன் முதற்பொருளை, அதாவது நிலத்தையும் பொழுதையும், எந்தப் புகைப்படக்காரரும் எடுக்காத அளவு எடுத்தார். கருப்பொருளில் பாதியை எடுத்தார். தொழிலையும் பறையையும் விட்டுவிட்டார். இப்படிச் சொன்னதுமே எனக்குள் ஒரு எச்சரிக்கை மணி அடிக்கிறது. திணையை ஏதோ இழந்துபோன சொர்க்கமாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளக்கிற நோய் நம்மிடம் முற்றிவிட்டது. சிவத்தம்பி 1974லேயே திணையைச் சமனற்ற சமூக வளர்ச்சியின் வரைபடமாக வாசித்துக் காட்டினார், அழகான ஓவியமாக அல்ல. குறிஞ்சியில் தினைப்புனத்துப் பரணில் பெண்கள் தழலும் தட்டையும் குளிரும் வைத்துக்கொண்டு கிளி ஓட்டியது காதலுக்கான ஏற்பாடு மட்டுமல்ல, பயிரைக் காப்பாற்றுகிற வேலை. யானைக்கும் மனிதனுக்கும் இன்று நடக்கிற சண்டை அன்றும் நடந்தது. புறத்தில் யானை என்பது போர்க்கருவி, பரிசில், தந்தம். ஒற்றுமையாக வாழ்ந்தார்கள் என்பது பாடப்புத்தகக் கதை. ஒரே சட்டகத்துக்குள் சண்டை போட்டார்கள் என்பதுதான் சரி.

அந்த இலக்கியத்தைக் கற்ற நமக்கு அந்த உயிர்களைத் தெரியுமா என்றால், அது இன்னொரு வெட்கக்கேடு. மரபியலில் விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர் ஒன்பது என்று பார்ப்பு, பறழ், குருளை என்று ஒப்பிப்போம். சாலிம் அலியின் புத்தகத்தைக் கையில் கொடுத்து வீட்டுப் பின்புறத்தில் கத்துவது எது என்று கேட்டால் தெரியாது. காட்டெருதை வனத்துறைப் பலகை 'காட்டெருமை' என்கிறது, நாமும் அப்படியே எழுதுகிறோம். அது எருமையே இல்லை, மாட்டினம். 'ஆமா' என்று சங்கப் புலவனுக்குத் தெரிந்த வித்தியாசம் தமிழ் எம்.ஏ.வுக்குத் தெரியவில்லை. கிருஷ்ணனை ஆங்கிலக்காரர் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

*

தோழர் சொன்ன 'மயிலாப்பூர்ப் பார்வை' பற்றி ஒரு வார்த்தை. அது காடுகளைப் பற்றிய பார்வை மட்டுமாக இருந்திருந்தால் நான் அவரோடு முழுக்க ஒத்துப்போயிருப்பேன். 1961இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயர் 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்'. காடும் கொல்லைப்புறமும். காக்கை, அணில், பல்லி, ஆடு, கழுதை. 1940களில் பெல்லாரிப் பக்கம் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியராகவும் நீதிபதியாகவும் அரசரின் செயலாளராகவும் வேலை பார்த்தவர், அங்கே ஆடு வளர்த்து மேய்த்திருக்கிறார், புறா பழக்கியிருக்கிறார். சமஸ்தானத்து உத்தியோகஸ்தர் ஆடு மேய்க்கப் போவது பொழுதுபோக்கா, கிறுக்கா தெரியாது. ஆனால் ஆட்டின் கண்ணை அருகில் பார்த்தவர்தான் காட்டெருதின் கண்ணைப் பார்க்கப் போனார். ஜான் பெர்ஜர் நாம் விலங்குகளைப் பார்க்கிறோம், விலங்குகள் நம்மைப் பார்ப்பது நின்றுவிட்டது என்பார். கொல்லைப்புறம் இருக்கிறவரை அது முழுக்க நிற்பதில்லை. ராதாகிருஷ்ணன் சாலையில் கொல்லைப்புறம் போய் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் வந்தபோதுதான் நின்றது.

அவரோடு எனக்கு ஒட்டாத இடம் வேறு. அயல் மரங்கள் மீது அவருக்கிருந்த வெறுப்பு. அழகுக்காக நடப்படும் வெளிநாட்டு மரங்களைச் சாடினார், இந்த நாட்டின் அடையாளம் அதன் சொந்தத் தாவரங்களிலும் விலங்குகளிலும் இருக்கிறது என்று வாதாடினார். தாவரவியலாக அது சரி. உண்ணிச்செடி காட்டில் செய்திருக்கிற நாசம் கண்முன்னால் கிடக்கிறது. ஆனால் 'சொந்தம்', 'வந்தேறி' என்ற சொற்கள் செடியோடு நிற்பதில்லை. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டிச் சீமைக் கருவேலத்தை வேரறுக்கக் கிளம்பியபோது, ராமநாதபுரத்தில் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களை யாரும் கேட்கவில்லை. செடிக்குப் பாஸ்போர்ட் கேட்கிறவன் நாளைக்கு ஆளிடமும் கேட்பான். கிருஷ்ணன் கேட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன், ஆனால் அவர் மேற்கோள்களைப் பயன்படுத்துகிறவர்கள் பற்றி அந்த நம்பிக்கை இல்லை.

பாகனைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தாயிற்றே என்று சிலர் சொல்லக்கூடும். கார்த்திகி கொன்சால்வெஸின் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2022இல் வந்து மறு ஆண்டே ஆஸ்கர் வாங்கியது. பொம்மனும் பெள்ளியும் திரை நிறைய இருக்கிறார்கள், தெப்பக்காடும் இருக்கிறது. பார்த்தேன், அழவும் செய்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் உள்ளே வந்தவர்கள் யானைக்குட்டிக்குத் தாய் தகப்பனாக வந்தார்கள், பட்டா கேட்கிறவர்களாக வரவில்லை. பொன்னிற வெயிலும் அந்தக் கரைந்த பின்னணியும்தான் இதிலும். வெளியே நிறுத்துவது ஒரு வகை, உள்ளே அழைத்து வாயைக் கட்டுவது இன்னொரு வகை. கிருஷ்ணனின் மௌனம் குறைந்தபட்சம் மௌனமாகவே இருக்கிறது, பேசுவதாக நடிக்கவில்லை.

*

இதையெல்லாம் தோழரிடம் எழுதிக் காட்டியபோது, 'நீயே ஒரு தடவ அங்க கொண்டுபோய்க் காட்டேன்' என்றார். பஸ் பிடித்துப் போனேன். முகாமிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமான பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

அவர் யானையை முதலில் பார்க்கவில்லை. அது எனக்கு எதிர்பாராதது. விரல் யானையின் காலுக்குக் கீழே போனது. 'என்னா புல்லு பாருங்க சார். இப்ப இவ்ளோ புல்லு எங்க இருக்குது? அத்தனையும் உண்ணிச்செடி. யானை திங்காது, மானு திங்காது. அப்பறம் ஏன் ஊருக்குள்ள வராது?' அடுத்த படத்தில் பின்வரிசை மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டே போனார், பாதி தமிழிலும் பாதி தன் மொழியிலுமாக. சில மரங்களுக்கு 'போயிருச்சு' என்றார். சிலவற்றுக்கு ஒன்றும் சொல்லாமல் விரலை அங்கேயே வைத்திருந்தார். பின்னணி கரைந்த படமாக இருந்திருந்தால் அவருக்கு அதில் படிக்க ஒன்றுமே இருந்திருக்காது என்று தோன்றியது. அவர் கையில் அது ஒரு கலைப்பொருள் அல்ல, நில ஆவணம். பட்டா வழக்கில் இதைச் சாட்சியமாக வைக்க முடியுமா என்று தோழர் இப்போது வக்கீல்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு யானைக் கூட்டத்தின் படத்தில் நின்றார். வெகுநேரம் பார்த்துவிட்டு, 'இது மேலேர்ந்து எடுத்தது. ஆனை மேல இருந்து' என்றார். ஆமாம் என்றேன்.

'ஓட்டுனது யாரு? பேரு போட்டிருக்கா?'

அந்தப் பக்கத்தில் இல்லை. முன்னும் பின்னும் புரட்டித் தேடினேன். அவரும் காத்திருந்தார். பிறகு, தன் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும், அவர் மசினகுடியில் மகள் வீட்டில் இருக்கிறார், நாலு நாள் புத்தகம் இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன். அது நடந்து ஏழு மாதமாகிறது. புத்தகம் மசினகுடியிலிருந்து வேறு யார் வீட்டுக்கோ போயிருப்பதாகக் கேள்வி.